பல் டாக்டர் எழுதாத நாவல்

நாவல் எழுதுவது கடினம் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இது தவறு. படித்தவர்கள் நடுவிலேயே வேரூன்றிவிட்ட தவறு என்பதால் இதை இங்கேயே திருத்திவிடுவது நல்லது. நாவல் எழுதுவது சுலபம். அதில் பக்கங்கள் நிறைய இருக்கின்றன. ஓர் அத்தியாயத்தில் செய்த பிழையை அடுத்த அத்தியாயத்தில் ஒரு போரை மூட்டி மறைத்துவிடலாம். அந்த நாவலில் என்ன இருக்கிறது என்று முன்பின் தெரியாத ஒருவருக்கு ஒரே பக்கத்தில் கடிதம் எழுதுவதுதான் கடினம். அதைவிடக் கடினம், அந்தக் கடிதத்தைப் பெண்டாட்டியிடம் காட்டி அபிப்பிராயம் கேட்பது.

இந்த உண்மையை நிலைநாட்டத் தன் குடும்ப வாழ்க்கையையே பணயம் வைத்தவர் நம் நில அளவையர். பகலில் அவர் ஊரார் நிலத்தை அளந்தார். மாலையில் வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இல்லாத ஒரு ராஜ்யத்தை அளந்தார். அந்த ராஜ்யத்தில் ஒரு டிராகன் இருந்தது. அதைக் கொல்லப் புறப்படும் ஒரு வீரன் இருந்தான். அவனை ஆட்டிப்படைக்கும் கருங்கோட்டை அரசி என்று ஒருத்தி இருந்தாள். ஏழு வருட உழைப்பு. எழுதி முடித்த தாள்களை அலமாரியின் கீழ்த்தட்டில், பழைய வரைபடச் சுருள்களுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். வரைபடத்தை வீட்டில் யாரும் தொடமாட்டார்கள் என்பது அவருடைய கணிப்பு. வீட்டில் அவரைத் தவிர இருந்தது மனைவி மட்டும்தான். அவள் கேட்டால் "ஆபீஸ் வேலை" என்பார். அவளும் "ம்" என்பாள். அந்த "ம்"முக்கு எத்தனை அர்த்தம் என்று அவர் அளந்து பார்த்ததில்லை.

இப்படி இருக்கையில் பெரிய பதிப்பகம் ஒன்று அறிவித்தது: மாயாஜாலக் கதைகளுக்கென்று புது வரிசை தொடங்குகிறோம். நாவலை அனுப்பாதீர்கள். நாவலைப் பற்றி ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். பிடித்தால் நாவலைக் கேட்போம். ஒருவருக்கு ஒரே கடிதம். பிடிக்காவிட்டால் மறுபடி அதே நாவலோடு வரவேண்டாம்.

ஒரே கடிதம். அளவையர் பின்னறையில் உட்கார்ந்தார். எழுதினார், கிழித்தார், எழுதினார். கடைசியில் ஒன்று தேறியது. தேறியதா என்று யாராவது சொல்ல வேண்டுமே? அலுவலகத்தில் மேலதிகாரியிடம் காட்டினார். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடாமலே "பிரமாதம்" என்றார். கூட வேலை செய்பவரிடம் காட்டியதற்கு, இதில் விடுப்புத் தேதியைக் குறிப்பிடவில்லையே என்றார்.

உண்மை பேசக்கூடிய ஆள் வீட்டிலேயே ஒருத்தி இருந்தாள். தெருமுனை மருந்துக்கடை அவளுடையது. காலாவதியான எதையும், அது மாத்திரையோ மனிதரின் நம்பிக்கையோ, அவள் அலமாரியில் விட்டுவைப்பதில்லை. ஒருமுறை அளவையர் ஆசையாகத் தாடி வளர்த்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவள் சொன்னாள். அன்று சாயங்காலமே மழித்துவிட்டார். தாடி போனால் வளரும். நாவல் விஷயத்தில் அந்த அடியைத் தாங்க அவருக்குத் தெம்பில்லை. ஆனால் அவள் சொல்லாவிட்டால் கடிதம் எப்படி இருக்கிறது என்று தெரியப்போவதும் இல்லை.

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. கடிதம் வேறொருவருடையது என்று சொல்லிவிட்டால்? அவள் மனம்விட்டுச் சொல்வாள். அடி வேறொருவர் முதுகில் விழும். வலி இல்லாமல் வைத்தியம். முதுகு கொடுக்கத் தோதாக மாடி வீட்டில் ஒரு பல் டாக்டர் குடியிருந்தார். நிலத்துக்கும் பல்லுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. யாருக்கும் சந்தேகம் வராது.

இந்தத் திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை. பல் டாக்டரின் மருந்துச் சீட்டுகள் எல்லாம் மனைவியின் கடைக்குத்தான் வரும். மூன்று வேளை என்று எழுதக்கூடச் சோம்பல்பட்டு மூன்று புள்ளி வைக்கிற மனிதர் அவர். அது அளவையருக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை மாலை. மனைவி கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில், குளித்துவிட்டு அவர் வீசிய ஈரத்துண்டு படுக்கை விரிப்பை நனைத்துக்கொண்டு கிடந்தது. பல வருடங்களாக அந்தத் துண்டு அங்கேதான் கிடக்கிறது. பல வருடங்களாக அவள் அதைச் சொல்லிக்கொண்டும் இருக்கிறாள்.

"நம்ம மாடி பல் டாக்டர் இருக்காரே, அவர் ஒரு நாவல் எழுதியிருக்காராம். பதிப்பகத்துக்கு அனுப்பற கடிதம் இது. உன் அபிப்பிராயம் வேணுமாம்."

அவள் மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தாள்.

"பல் டாக்டரா?"

"ஆமா. ஏன், பல் டாக்டர்னா எழுதக்கூடாதா?"

"எழுதலாமே. அவர் எழுதி நான் பார்த்ததே இல்ல, அதான் கேட்டேன்."

வாங்கிப் படித்தாள். அளவையர் ஜன்னலுக்கு வெளியே சுவாரசியமாக எதையோ பார்ப்பதுபோல் நின்றார். வெளியே சுவர்தான் இருந்தது.

"ராஜ்யம் எப்படி உண்டாச்சுன்னு ஆரம்பிச்சு, ஆயிரத்து இருநூறு வருஷம் கழிச்சுத்தான் கதைக்கே வர்றார்" என்றாள். "அதுக்குள்ள கடிதம் முக்கால்வாசி முடிஞ்சுபோச்சு."

"அது பின்னணி. பின்னணி இல்லாம எப்படிப் புரியும்?"

"உங்களுக்கு எதுக்குங்க கோவம்? டாக்டர்கிட்டதானே சொல்றேன்." அவள் அடுத்த வரிக்குப் போனாள். "டிராகன் குகை, வடகிழக்கு எல்லைக் கல்லிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு மீட்டர் தென்மேற்கேயாம். பல் டாக்டருக்கு எல்லைக் கல் மேல இவ்வளவு பிடிப்பா?"

அளவையர் அதற்கும் பதில் வைத்திருந்தார். டாக்டர் எதையும் ஆழமாகத் தெரிந்துகொண்டு எழுதுகிறவர் என்றார்.

"கருங்கோட்டை அரசின்னு ஒருத்தி. ஈரத் துணியைக் கண்டால் ஏழு கடலும் நடுங்கச் சினம் கொள்ளும் கொடியவள்." அவள் இதை நிதானமாக, எழுத்தெழுத்தாகப் படித்தாள். பிறகு கட்டிலில் கிடந்த துண்டைப் பார்த்தாள். "யாரை மனசுல வெச்சு எழுதியிருப்பார்?"

அரசிக்குக் கிரீடம் வைத்து, அரையடி உயரத்தையும் கூட்டிவிட்டதால் அடையாளம் தெரியாது என்று இத்தனை நாள் தைரியமாக இருந்தவர் அளவையர். அந்த வரியைக் கடிதத்திலிருந்து எடுக்க மறந்துவிட்டார்.

"முழுக்க கற்பனைன்னு சொன்னார்."

"பாவம், அவர் பெண்டாட்டி."

"அவருக்குத்தான் கல்யாணமே ஆகலையே."

"அப்போ ஒருத்தி தப்பிச்சா." கடிதத்தை மடித்தாள். "சொல்ல நிறைய இருக்குங்க. உங்ககிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்? நாளன்னைக்கு ஞாயித்துக்கிழமைதானே. அவரையே டீ குடிக்க வரச் சொல்லுங்க. நேர்ல சொல்லிடறேன்."

அளவையர் மாடிப்படி ஏறிய நடையைவிடத் தூக்குமேடைக்குப் போகிறவரின் நடை உற்சாகமாக இருந்திருக்கும். பல் டாக்டர் நடந்ததையும் நாவலின் கதைச் சுருக்கத்தையும் கேட்டார். அவர் அதிகம் பேசாதவர். வாயைப் பிளந்துகொண்டிருக்கும் ஆட்களிடமே பேசிப் பழகியதால், எதிராளி பதில் சொல்லும் உரையாடல் அவருக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. கேட்டு முடித்து, தனக்கு ஓர் உதவி வேண்டும் என்றார். பக்கத்து வீட்டுக்காரர் கார் தினமும் ஒரு சக்கரத்தை டாக்டர் கார் நிறுத்தும் இடத்தில் வைக்கிறது. அளந்து ஒரு வெள்ளைக் கோடு போட்டுத் தரவேண்டும். அளவையர் ஒப்புக்கொண்டார். எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுங்கள், வாயைத் திறக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். வாயைத் திறக்காதீர்கள் என்று ஒரு பல் டாக்டரிடம் சொல்லப்பட்டது அதுவே முதல் தடவையாக இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பையில் பேனா. அந்தப் பேனாவை அளவையர் கவனித்தார். வேஷம் போட வந்தவர் வேஷத்தில் ருசி கண்டுவிட்டார் என்று தெரிந்தது.

மனைவி டீயைக் கொடுத்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள். அந்த ஆயிரத்து இருநூறு வருட வரலாறு தேவைதானா?

"வேர்லயே சொத்தைம்மா" என்றார் டாக்டர். "பிடுங்கிடலாம்."

அளவையர் கோப்பையைச் சாசரில் வைத்தார். அந்த வரலாற்றுக்கு மட்டும் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

எல்லைக் கல்? பிடுங்கிடலாம். ஏழு மலைகளின் பெயர்கள், உயரங்கள்? பிடுங்கிடலாம், கொஞ்ச நேரம் மரத்துப்போன மாதிரி இருக்கும், அப்புறம் சரியாகிவிடும். டிராகன் பறக்கும் வேகம் பற்றிய பத்தி? டாக்டர் சற்று யோசித்து, ஆடுகிற பல்லை வைத்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை என்றார். அளவையர் குறுக்கே புகுந்து, எழுதினவருக்கு அதெல்லாம் முக்கியமாக இருக்குமே என்று முனகினார். எழுதினவர்தானே இங்கே உட்கார்ந்திருக்கிறார், அவரே வேண்டாம் என்கிறாரே என்றாள் மனைவி. டாக்டர் தலையாட்டினார். ஒப்புக்கொண்டபடி தலையை ஆட்டும் வேலையை அவர் அப்போது மிகச் சரியாகச் செய்தார்.

"அப்போ மிச்சம் என்ன இருக்கு?" என்றார் அளவையர். அவர் நடிக்கவில்லை. ஏழு வருடத்தை இரண்டு பேர் டீயோடு சேர்த்துக் குடித்துவிட்டதாகவே அவருக்குப் பட்டது.

மனைவி அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"டாக்டர், மாத்தி எழுதின கடிதம் கொண்டுவந்திருக்கேன்னு சொன்னீங்களே. படிங்க."

அப்படி ஒரு கடிதம் இருப்பதே அளவையருக்குத் தெரியாது. டாக்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்:

"ஐயா, டிராகனைக் கொன்றுவிட்டு அதன் தலையைச் சுமந்துகொண்டு ஒரு வீரன் கோட்டைக்குத் திரும்புகிறான். ஊரே மாலையோடு நிற்கிறது. அரசி வாசலில் வந்து தலையைப் பார்க்கிறாள், தரையில் சொட்டும் ரத்தத்தைப் பார்க்கிறாள். இதை எங்கே வைப்பதாக உத்தேசம் என்று கேட்கிறாள். வீரனிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியில் ஒரு ராஜ்யம் இரண்டாகப் பிளக்கிறது. என் நாவலின் உயிர் அந்த வாசலில் இருக்கிறது..."

கடிதம் நன்றாக இருந்தது. சும்மா நன்றாக இல்லை. அந்த நாவலைத் தானே உடனே வாங்கிப் படிக்கவேண்டும் என்று அளவையருக்குத் தோன்றியது.

பிறகுதான் உறைத்தது. அரசி கேட்கும் அந்தக் கேள்வி அவருடைய பழைய கடிதத்தில் கிடையாது. டாக்டரிடம் சொன்ன கதைச் சுருக்கத்திலும் கிடையாது. நாவலின் நடுவில், நானூறு பக்கம் தாண்டி, ஒரே ஒரு இடத்தில் வருகிறது. முழுக்கப் படித்தவர்களுக்குத்தான் தெரியும்.

"இந்த இடம்..." என்று ஆரம்பித்தார். "இது எப்படி..."

"அவர் நாவல், அவருக்குத் தெரியாதாங்க?" என்றாள் மனைவி. "டாக்டர், இன்னொரு டீ?"

டாக்டரை வழியனுப்புகிற சாக்கில் படிக்கட்டில் வைத்துப் பிடித்தார் அளவையர். டாக்டர் எதையும் மறைக்கவில்லை. "நேத்து பஞ்சு வாங்கக் கடைக்குப் போனேன் சார். பஞ்சோட இந்தத் தாளையும் பையில போட்டு, ஞாயித்துக்கிழமை வரும்போது எடுத்துட்டு வாங்க, நான் எதைக் கேட்டாலும் பிடுங்கிடலாம்னு சொல்லுங்கன்னாங்க. உங்க கதையை நீங்க சொன்னதைவிட அவங்க நல்லா சொன்னாங்க." இரண்டு படி ஏறியவர் திரும்பினார். "அந்த வெள்ளைக் கோட்டை மறந்துடாதீங்க."

அளவையர் பின்னறைக்குப் போய் அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தார். வரைபடச் சுருள்களில் தூசி இல்லை. தாள்களைப் புரட்டினார். அங்கங்கே ஓரம் லேசாக மடங்கியிருந்தது. கடைசி அத்தியாயத்தில், வீரனின் வாளுக்கு அரசி பலியாகும் பக்கத்தில், கடையில் மாத்திரை போட்டுத் தருகிற சின்னக் காகித உறை ஒன்று அடையாளத்துக்குச் செருகியிருந்தது. அதற்கு அப்புறம் இருந்த பக்கங்களின் ஓரம் மட்டும் மடங்கவில்லை.

அந்த உறையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு கடைசி அத்தியாயத்தை எடுத்துத் தனியே வைத்தார்.

புதுக் கடிதம், ஒரு வார்த்தை மாறாமல், அடியில் அவர் பெயரோடு பதிப்பகத்துக்குப் போனது. அவர் வெள்ளைக் கோடு போட்டுக் கொடுத்தார். மாலைதோறும் பின்னறையில் உட்கார்ந்து முடிவைத் திருத்தி எழுதினார். இந்த முறை அரசி சாகவில்லை. டிராகன் தலையை எங்கே வைப்பது என்பதை அவளே தீர்மானித்தாள். மனைவி "ஆபீஸ் வேலையா?" என்று கேட்டாள். "ம்" என்றார்.

பதில் வந்தது. முழு நாவலையும் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். குறிப்பாக அந்த அரசியைச் சந்திக்க ஆவலாக இருப்பதாக ஒரு வரி.

அளவையர் தாளைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினார். வாசலுக்கு வந்ததும் நின்றார். எழுதியது பல் டாக்டர். அந்தப் பொய்யைக் கட்டியது அளவையரேதான். அவள் அதில் குடியேறி வசதியாக உட்கார்ந்திருந்தாள். இடித்துத் தள்ள அவருக்கு மனம் வரவில்லை.

"டாக்டருக்குப் பதில் வந்திருக்கு" என்றார். "நாவலைக் கேட்டிருக்காங்க."

அவள் அடுப்பை அணைத்தாள். திரும்பியபோது அவள் கண்கள் பளபளத்தன. முகம் மட்டும் மருந்துக்கடையில் இருப்பதைப்போலவே இருந்தது.

"நல்லா வருவார்னு எனக்குத் தெரியும். ஏழு வருஷம் சும்மாவா உட்கார்ந்தார்? ரொம்பச் சந்தோஷப்பட்டேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்."

"அந்தக் கடைசி அத்தியாயம் இப்போதான் சரியா இருக்குன்னும் சொல்லுங்க."

"சொல்றேன்."

"அப்புறம், இவ்வளவு பெரிய எழுத்தாளர் ஆனதுக்கப்புறமும் ஈரத் துண்டைக் கட்டில்ல போட வேணாம்னு சொல்லிடுங்க."

அளவையர் டாக்டரிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

அன்று மாலை பால்கனிக் கொடியில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது.