ஜெராக்ஸ் அக்கா மறைத்த பக்கம்

கொடைக்கானலில் உயிரோடு இருப்பவர்களைவிட இறந்துபோனவர்களை அதிகம் தெரிந்தவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், பரிசை ஜெராக்ஸ் அக்காவிடம் கொடுத்துவிட்டுத்தான் போட்டியையே தொடங்க வேண்டும். மூஞ்சிக்கல்லில் எந்த வீட்டில் இப்போது யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டால் விழிப்பார். அதே வீட்டில் நான்கு தலைமுறைக்கு முன்னால் யார் பிறந்தார்கள், யாருக்கு யார் ஞானத்தாய், எந்த மழைக்காலத்தில் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வார். ஊரில் எல்லோருடைய கொள்ளுத்தாத்தா பெயரும் அவருக்குத் தெரியும். அவருடைய பெயர்தான் ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

மூஞ்சிக்கல் இறக்கத்தில் ஒரு ஜன்னல் அகலத்துக்கு அவருடைய கடை. ஜெராக்ஸ் மெஷின், கம்ப்யூட்டர், அக்கா ஆகிய மூன்றில் இரண்டுக்குத்தான் உள்ளே இடம் உண்டு என்பதால் அக்கா எப்போதும் பாதி தெருவில் இருப்பார். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் ஸ்வெட்டர், காதை மூடி மஃப்ளர், மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி. மூக்கில் இருப்பது நம்மைப் பார்க்க. நெற்றியில் இருப்பது பழைய கையெழுத்தைப் பார்க்க. நெற்றிக் கண்ணாடி கீழே இறங்கிவிட்டால் நாம் அடுத்த பஸ்ஸைத்தான் பிடிக்க வேண்டும்.

இந்தப் பைத்தியம் அவருக்கு ஒரு வெளிநாட்டுக்காரரால் வந்தது என்பார்கள். மலையில் எங்கோ புதைக்கப்பட்டிருந்த தன் தாத்தாவைத் தேடி வந்தவர், ஓர் இணையதளத்திலிருந்து பழைய மாதா கோயில் பதிவேட்டின் ஒரு பக்கத்தைப் பிரின்ட் எடுக்கச் சொன்னாராம். பிரின்டை வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். அக்கா அந்த இணையதளத்தை விட்டுப் போகவே இல்லை. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று மலைக் கோயில்களின் பதிவேடுகளை யாரோ புண்ணியவான்கள் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அதில் போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தால், அதிலிருக்கும் அப்பா பெயரைப் பார்த்துவிட்டு, அவருடைய அப்பா யார், அவருக்கு அப்பா யார் என்று அக்கா விசாரணையைத் தொடங்கிவிடுவார். ஒரு தடவை, வத்தலக்குண்டு பஸ் கிளம்பப் போகிறது என்று தவித்த ஒருவரிடம் அவர் சொன்னதை நானே கேட்டேன்.

"பஸ்ஸு நாளைக்கும் வரும்ங்க. கொள்ளுத்தாத்தா நாளைக்கு வருவாரா? சொல்லிட்டுப் போங்க."

அந்த இணையதளத்தில் ஒரு சிக்கல் இருந்தது. ஆளைச் சேர்க்க வேண்டுமானால் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பியே ஆக வேண்டும். நம்மிடம் ஏது குடும்பப் பெயர்? இருப்பது ஓர் இனிஷியல், அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அக்கா யோசித்துப் பார்த்து, எல்லோருக்கும் குடும்பப் பெயர் 'கொடைக்கானல்' என்று போட்டுவிட்டார். உலகத்திலேயே பெரிய குடும்பம் ஒன்று அகப்பட்டுவிட்டதாக அந்த இணையதளம் முடிவு கட்டியது. தினமும் வெள்ளனே, புதிய உறவினர் கிடைத்திருக்கிறார், வாழ்த்துகள் என்று மெயில் வரும். அக்காவும் அந்த நல்ல செய்தியை உரியவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பார். ஒரு சந்துக்காக ஏழு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த டீக்கடைக்காரரிடமும் பேக்கரிக்காரரிடமும் நீங்கள் இருவரும் பங்காளிகள் என்று அறிவித்தார். ஏழு வருடத்தில் முதல் முறையாக இருவரும் ஒன்றாக நடந்து வந்தார்கள், அக்காவோடு சண்டை போட.

எழுதியிருப்பதை இல்லையென்று சொல்ல அவருக்கு வராது. பெருமாள்மலைப் பக்கம் ஒரு குடும்பத்தில் பூட்டனார் புலி அடித்து இறந்தார் என்று மூன்று தலைமுறையாகப் பெருமை. கூடத்தில் புலிப் படம்கூட மாட்டியிருந்தார்கள். அக்கா அடக்கப் பதிவேட்டில் தேடி, வயிற்றுப்போக்கு என்று கண்டுபிடித்துவிட்டார். அந்தக் காலத்துப் பதிவேட்டில் சாவுக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. குடும்பமே கடைக்கு வந்து நின்றது. அக்கா இரக்கத்தோடு ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தார்.

"புலியப் பாத்திருக்கலாம்ங்க. பாத்த பயமாக்கூட இருக்கலாம். ஆனா போனது வயித்தாலதான்."

அவர்கள் இப்போது ஏரிப் பக்கம் போய் ஜெராக்ஸ் எடுக்கிறார்கள்.

இப்படிப்பட்டவர் என்னிடம் ஒரு பொய் சொன்னார். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

என் மகள் மெர்சிக்கு அப்போது மூன்றரை வயது. ஆடி மாதச் சாரலில் காய்ச்சல் வந்து, என் மடியிலேயே கண் செருகி, கைகால் விறைத்து வெட்டியது. இரண்டு நிமிடம்தான் என்றார் என் கணவர். என் கணக்கில் அது வெகு நாள் முடியவே இல்லை. காய்ச்சலோடு வருகிற வலிப்பு, பெரும்பாலும் ஐந்தாறு வயதுக்குள் தானாக நின்றுவிடும், பயப்படாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதில் வந்து நின்றிருந்தால் இன்னும் நிம்மதி என்றும் சொல்லி, மதுரையில் ஒரு பெரிய டாக்டருக்குச் சீட்டும், நிரப்பிக்கொண்டு போக ஒரு படிவமும் கொடுத்தார். தந்தை வழியில் யாருக்காவது உண்டா, தாய் வழியில் உண்டா என்று அதில் இரண்டு கட்டங்கள்.

நான் கடமை தவறாதவள். பழனியில் இருக்கும் என் அம்மாவுக்குப் போன் போட்டேன். மூட்டுவலி, மூலம், மாலைக்கண் என்று மூன்று தலைமுறை வியாதிகளை அரை மணி நேரம் அடுக்கிவிட்டு, வலிப்பு மட்டும் இல்லை என்றார். பண்ணைக்காட்டில் இருக்கும் மாமனாரைக் கேட்டேன்.

"எங்க வம்சத்துல தும்முனவன்கூடக் கெடையாதும்மா. எங்கப்பா எம்பத்திரண்டு வயசுல மிளகு பறிக்க மரமேறுனவரு."

இரண்டு பக்கமும் இல்லையென்றால் என் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது? இதற்கு முன் யாருக்கும் வரவில்லையென்றால், வந்தவர்கள் பிழைத்தார்கள் என்று எனக்கு யார் சொல்வது? இல்லை என்று எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். கடைசியில் படிவத்தையே கெடுத்துவிடுவேன் என்று பயந்து, எழுதிப் பார்க்க நான்கு பிரதி எடுக்க அக்கா கடைக்குப் போனேன். ஜெராக்ஸ் எடுக்கிற எதையும் அக்கா படிக்காமல் விடமாட்டார். மூக்குக் கண்ணாடி மேலே போனது, நெற்றிக் கண்ணாடி கீழே வந்தது.

"மெர்சிம்மா, இந்தக் கட்டம் ஏன் காலியாக் கெடக்கு?"

சொன்னேன். மனிதர்கள் மறந்துபோவார்கள், பதிவேடு மறக்காது என்றார். மாமனாரின் தாத்தா, பாட்டி பெயர்களை வாங்கிக்கொண்டு அன்றே உட்கார்ந்துவிட்டார். தினமும் மத்தியானம் மெர்சியைத் தோளில் போட்டுக்கொண்டு நான் போய் நிற்பேன். மேகம் இறங்கினால் நெட் போய்விடும். மேகம் விலகும்வரை அக்கா அடுத்தவர் தாத்தாவை விசாரிப்பார். இரண்டு நாளில் அந்தத் தம்பதிக்குப் பிறந்த ஆறு பிள்ளைகளின் ஞானஸ்நானம் கிடைத்தது. ஏழாவதாக இருக்க வேண்டியவரை, மாமனாரின் மரமேறிய அப்பாவை, மட்டும் எங்கும் காணோம். இதைப் போனில் சொன்னபோது மாமனார் கொதித்துப்போனார்.

"அப்ப எங்கப்பா பொறக்கவே இல்லைங்குதா அந்தம்மா? நான் எப்படி வந்தேனாம்?"

மற்ற ஆறு பேரும் எதனால் போனார்கள் என்று பார்த்துவிடுவோம் என்று அக்கா அடக்கப் பதிவேட்டுக்குள் இறங்கினார். மறுநாள் நான் போனபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்தப் பக்கம் அழிஞ்சு கெடக்குங்க. ஸ்கேன் சரியில்ல" என்றார். சொல்லும்போது மும்முரமாக ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். மெஷினில் இருந்தது வெள்ளைத்தாள்.

மறுநாள் காலையில் மெர்சிக்கு இட்லியை ஊட்டியபடியே போனில் அந்த இணையதளத்தைத் திறந்தேன். எனக்கும் அக்காதான் அதில் கணக்குத் தொடங்கிக் கொடுத்திருந்தார். பக்கம் அழியவே இல்லை. கறுப்பு மையில் தெளிவாக இருந்தது. அந்த ஆறு பேரில் ஒருத்தி: அருளாயி, பெண், வயது மூன்று. காரணம் என்ற கட்டத்தில், காய்ச்சலும் வலிப்பும்.

இட்லியை அப்படியே வைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு நடந்தேன். பக்கம் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். வரிசையில் நின்ற இரண்டு பேரை, அவர்கள் தாத்தாவைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் அக்கா அனுப்பிவைத்தார்.

"தெரியும்ங்க. அந்த ஒரு தாள மட்டும் கையில குடுத்தா, நீங்க அத மட்டுந்தான் வாசிச்சுக்கிட்டே இருப்பீங்க. அந்தக் காணாமப்போன ஆளு கெடைக்கட்டும், ரெண்டையும் சேத்துக் குடுப்போம்னு நெனச்சேன்."

"கெடைக்கலைன்னாக்கா?"

அவர் மெஷினில் இன்னொரு வெள்ளைத்தாளை வைத்தார். புலிக் குடும்பத்துக்கு ஒளிக்காததை எனக்கு மட்டும் ஏன் ஒளிக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும், அப்படிக் கேட்டிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. கேட்டதுதான் சரி என்றும் தோன்றியது. அப்புறம் ஒரு வாரம் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. மெர்சியின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதே என் முழுநேர வேலையாக இருந்தது. தொட்டுத் தொட்டே இந்தப் பிள்ளைக்குச் சூடு ஏற்றுகிறாய் என்றார் என் கணவர்.

மதுரைக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, பட்டப்பகலில் எங்கள் வீட்டு வாசலில் அக்கா நின்றார். நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டுக்கு ஏறிவர எண்பது படி. கரண்ட் போன நாளில்கூடக் கடையைச் சாத்தாதவர், கடையைச் சாத்திவிட்டு மழையில் ஏறி வந்திருந்தார். மூச்சு வாங்கியதில் இரண்டு கண்ணாடியும் ஆவி படிந்து கிடந்தன. உட்காரச் சொல்லியும் உட்காராமல், ஸ்வெட்டருக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

அந்தக் காலத்தில் அந்த மலைக் காட்டுக்குப் பாதிரியார் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறைதான் வருவாராம். அவர் வரும்போதுதான் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம். நடுவில் ஒரு பிள்ளை பிழைக்காது என்று தெரிந்தால், காத்திருக்காமல், ஊரில் ஜெபம் சொல்லித்தரும் உபதேசியாரே வீட்டுக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிவிடுவார். அப்படிச் செய்தவற்றைப் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில் தனியாக, காரணத்தோடு எழுதி வைப்பார்கள். பொருளடக்கத்தில் இல்லாத அந்தப் பக்கங்களை அக்கா ஒரு வாரமாக ஒவ்வொன்றாகப் புரட்டியிருக்கிறார். மாமனாரின் அப்பா அங்கே இருந்தார். வயது ஒன்றரை. காய்ச்சலில் மூன்று முறை வலிப்பு கண்டது, பிழைக்கும் நம்பிக்கை இல்லாததால் வீட்டிலேயே ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது.

"நம்பிக்கை இல்லைன்னு எழுதிட்டாங்க. அந்த ஆளு எம்பத்திரண்டு வயசு வரைக்கும் மரமேறிருக்காரு" என்றார் அக்கா. "அருளாயிப் பிள்ளையும் தாளோட பின்பக்கத்துல இருக்குங்க. ரெண்டையும் முதுகோட முதுகா வச்சு லேமினேட் பண்ணிட்டேன். இனி ஒண்ண விட்டுட்டு ஒண்ண எடுக்க முடியாது."

நான் அழுதேன். அக்காவுக்கு அழுகிறவர்களைப் பார்த்துப் பழக்கமில்லை. அவருக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் அழுது முடித்துப் பல வருடம் ஆனவர்கள். தவித்துப்போய், கடையில் சோலி கிடக்கிறது, வெரசாப் போகணும் என்று சொல்லிக்கொண்டே இரண்டு டம்ளர் டீ குடித்தார். போகும்போது என் அம்மா வழிப் பூட்டன் பெயரை வாங்கிக்கொண்டு போனார்.

தந்தை வழி என்ற கட்டத்தில், இருவர் என்று ஒரே தடவையில், அடிக்காமல் எழுதினேன். மதுரை டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, நல்லபடியாக வளரும் என்றார். மாமனாருக்குப் போனில் படித்துக் காட்டினேன். அருளாயி என்று தனக்கு ஓர் அத்தை இருந்தது தெரியாது என்று மெல்லச் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்கப்பா ஒன்றரை வயதிலேயே சாவுக்கு டிமிக்கி கொடுத்திருக்கிறார் பார் என்றார். இப்போது பண்ணைக்காட்டில் அதுதான் பெருமை.

மெர்சிக்கு இப்போது ஐந்தரை. அதற்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் வந்தது. போன மாதக் காய்ச்சலில் வரவில்லை. நாங்கள் மலை இறங்கிப் பழனிக்குக் குடிவந்துவிட்டோம். அந்தத் தாள் பீரோவில் இருக்கிறது. எந்தப் பக்கம் மேலே இருக்கும்படி வைப்பது என்பதில் மட்டும் எனக்குக் குழப்பம் தீரவில்லை. அருளாயியைக் கவிழ்த்து வைக்க மனம் வரவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே இருக்கவும் முடியவில்லை. போன வாரம் போன் போட்டு அக்காவையே கேட்டேன்.

"செங்குத்தா நிறுத்தி வைங்க மெர்சிம்மா" என்றார்.

நிறுத்தி வைத்திருக்கிறேன். மலை இறங்கியதிலிருந்து அக்கா குரலைக் கேட்காமல் எனக்கு என்னவோபோல இருந்தது. அதைக் கேட்க மட்டும்தான் போன் போட்டேன் என்று அக்கா நினைத்துக்கொண்டிருக்கிறார்.