படிக்கொரு நடராஜர்

மாடிப்படியின் கைப்பிடியாவது தன் இஷ்டப்படிதான் அமைய வேண்டும் என்று தாண்டவராயன் ஒரு புதன்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டே சபதம் செய்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் சபதம் வெளியே கேட்கவில்லை. அதுவும் நல்லதற்குத்தான். அவர் மனைவி சௌந்தரம் அடுத்த அறையில் இருந்தாள்.

செம்மண்டலத்தில் அவர் வீடு கட்டி முடித்து மூன்று மாதம் ஆகிறது. கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் அவர் கண்காணிப்பாளர். அவர் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு காகிதம் நகராது. வீட்டிலோ தரை டைல்ஸ், சுவர்ப் பெயின்ட், குளியலறைக் குழாய், காலிங்பெல்லில் கூவுகிற குருவி வரைக்கும் சௌந்தரத்தின் தேர்வு. அவரைக் கேட்காமல் செய்தாள் என்று சொல்லிவிட முடியாது. கேட்பாள். அவரும் பதில் சொல்வார். பிறகு அவள் நினைத்தது நடக்கும்.

மிச்சம் இருந்தது கைப்பிடி ஒன்றுதான். பதினேழு படிகளையும் பிடிமானம் இல்லாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டு பல்லி மாதிரி ஏறி இறங்கினார்கள். இதையும் கோட்டை விட்டால், 'இந்த வீட்டில் உங்கள் யோசனை எது சார்?' என்று யாராவது கேட்கும்போது காட்டுவதற்கு ஒரு முழம் இரும்புகூட மிஞ்சாது. நினைக்கும்போதே அவருக்கு அழுகை வந்தது.

முதலில் மயில் டிசைன் கொண்டுவந்தார். கிரில் பட்டறை சாமிக்கண்ணு போனில் அனுப்பிய படம். தோகை விரித்த மயில், சுற்றிலும் கொடி, கொடியில் பூ. சௌந்தரம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"தோகையில எத்தன ஓட்ட இருக்கு மாமா?"

"அத யாரு எண்ணுனா?"

"நான்தான் எண்ணணும். வாரத்துக்கு ஒருக்கா ஒவ்வொரு ஓட்டையிலயும் துணிய வுட்டுத் தொடைக்கப்போறது நானு. நேர் கம்பியா போடுங்க. ஒரே இழுப்புல தூசி போயிடும். ஈரத்துணி காயப்போடவும் தோதா இருக்கும்."

நேர் கம்பி ஜெயிலில்தான் இருக்கும் என்றார் தாண்டவராயன். ஜெயிலில் கம்பியைத் துடைப்பது யார் என்று கேட்டாள் அவள். கைதிதான் என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மயில் பறந்தது. யானை வந்தது, தும்பிக்கை முழங்கையில் இடிக்கும் என்று அதுவும் போனது. திராட்சைக் கொத்து வந்தது. கொத்துக்கு இருபத்திரண்டு பழம், பழத்துக்குப் பழம் ஒட்டடை என்று அவள் கணக்குச் சொன்னதும் அதுவும் உதிர்ந்தது.

அலுவலகத்தில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் அவருக்கு அந்த மகத்தான யோசனை உதித்தது. சௌந்தரம் சிதம்பரத்துக்காரி. கீழவீதியில் பிறந்து கோயில் மணியோசையில் வளர்ந்தவள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் எதிர்த்துப் பேசாத ஒரே ஆண்பிள்ளை நடராஜர். அந்த நடராஜரையே டிசைனாக வைத்தால் எந்த வாயால் வேண்டாம் என்பாள்?

மாலையே பட்டறைக்குப் போனார். தகட்டில் மெஷின் வைத்து வெட்டிய நடராஜர், படிக்கு ஒன்றாகப் பதினேழு என்று சாமிக்கண்ணுவிடம் சொன்னார். வீட்டுக்கு வந்து நெஞ்சை நிமிர்த்தி அறிவித்தார். சௌந்தரம் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சாமியே வரேன்னா, வேணாங்கறதுக்கு நான் யாரு மாமா? மொதல்ல மாதிரிக்கு ஒண்ணு வெச்சிப் பாப்போம்."

இவ்வளவுதானா இவள் என்று தாண்டவராயன் அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

அடுத்த புதன்கிழமை சாமிக்கண்ணு வந்தார். முதல் படியில் ஒரு நடராஜரை நிறுத்தி நாலு போல்ட்டை முடுக்கிவிட்டுப் போனார். வியாழக்கிழமை காலை தாண்டவராயன் காபி டம்ளரும் கையுமாக, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிக்குப் புறப்பட்டார். படிக்கு முன்னால் கோலம் போட்டிருந்தது. நடராஜர் கழுத்தில் மல்லிகைப்பூ. பக்கத்தில் சௌந்தரம்.

"செருப்பக் கழட்டுங்க. கைலிய எறக்கி வுடுங்க. குளிச்சிட்டீங்களா?"

"பேப்பர் படிக்கப் போறேன். அதுக்குக் குளிக்கணுமா?"

"சாமியத் தாண்டிப் போறீங்கல்ல?"

"இது வெறும் தகடு சௌந்தரம்."

"எங்க ஊர்ல வந்து இப்புடிச் சொல்லிப் பாருங்க."

குளித்துவிட்டு ஏறினார். மேலே போனதும் கண்ணாடி கீழே இருப்பது ஞாபகம் வந்தது. கீழே வந்தவர் வழியில் கழிப்பறைக்குப் போய்த் தொலைத்தார். மறுபடி குளியல். அன்றைக்கு மட்டும் மூன்று குளியல், இரண்டு தும்மல். பேப்பர் படித்தபாடில்லை.

வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு ரத்தினம்மாள் வாழைப்பழத்தோடு வந்தாள். படி சுவரை ஒட்டி இருப்பதால் சாமியைச் சுற்ற வழியில்லை. அதனால் நின்ற இடத்திலேயே தன்னைத்தானே மூன்று சுற்றுச் சுற்றி, தலை கிறுகிறுத்து, தாண்டவராயன் தோளைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் இன்னும் ஐந்து பெண்கள். ஒருத்தி மகளுக்கு வரன் அமைய வேண்டும் என்று நடராஜரின் தூக்கிய காலில் மஞ்சள் கயிறு கட்டினாள். செருப்புகளையெல்லாம் அவருடைய ஸ்கூட்டர்மேல் அடுக்கியிருந்தார்கள்.

சனிக்கிழமை சௌந்தரம் இன்னொன்றையும் ஞாபகப்படுத்தினாள். நடராஜருக்கு வருஷத்தில் ஆறு அபிஷேகம். பதினேழு பேருக்கு நூற்றிரண்டு. அழைத்து வந்தவர்தான் செய்ய வேண்டும். இரும்பில் பால் பட்டால் துருப்பிடிக்குமே என்று தாண்டவராயன் ஈனஸ்வரத்தில் கேட்டார். ஒவ்வொரு தடவையும் துடைத்துப் பெயின்ட் அடித்துவிட்டால் போயிற்று என்றாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி யாரென்று அவருக்கு அப்போது தெளிவாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைதான் உயிர்நாடியில் கை வைத்தது. ஞாயிறு என்றால் மாடி அறையில் அவரும் சிநேகிதர் பழனிவேலும் கேரம் ஆடுவார்கள். கேரம் ஒரு சாக்கு. பழனிவேல் துறைமுகத்துப் பக்கத்திலிருந்து கொண்டுவரும் வஞ்சிரம் வறுவல்தான் விஷயம். அந்தப் படி வழியாக மீன் ஏறக்கூடாது என்று சௌந்தரம் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"கயிறு இருக்கா மச்சான்?" என்றார் பழனிவேல் ரகசியமாக.

தாண்டவராயன் குளித்துப் பட்டை போட்டுக்கொண்டு பரம பக்தராக மாடி ஏறினார். தெருவில் யாரும் பார்க்கக்கூடாது என்று வீட்டின் பின்பக்கம் கயிற்றை இறக்கினார். பழனிவேல் டிபன் கேரியரைக் கட்டினார். வஞ்சிரம் மெதுவாக மேலே கிளம்பியது. பின்பக்கம்தான் சமையலறை ஜன்னல் என்பது இரண்டு மேதாவிகளுக்கும் தோன்றவில்லை. நடுவில் கயிறு ஒரு நிமிஷம் நின்றது. பிறகு லேசாக வந்தது.

இழுத்து எடுத்துத் திறந்தார். கேரியருக்குப் பதில் ஒரு தூக்குவாளி, அதில் புளியோதரை. மேலே ஒரு பொட்டலம் திருநீறு. கீழே சமையலறையில் சௌந்தரமும் ரத்தினம்மாளும் வஞ்சிரம் சாப்பிட்டார்கள். சாமி இருப்பது படியில்தானே, சமையலறையில் இல்லையே.

மாடிக்கு வந்து சேர்ந்த பழனிவேல் புளியோதரை நன்றாக இருப்பதாக வேறு சொன்னார். தாண்டவராயன் கீழே இறங்கி வந்தார்.

"சௌந்தரம், இந்த நடராஜர் வேணாம்."

"சாமிய வேணாம்னு சொல்லாதீங்க மாமா. எடம் போதலன்னு சொல்லுங்க."

"எடம் போதல."

"அப்ப வேற என்னா டிசைனு?"

"நீ சொல்றதே இருக்கட்டும். நேர் கம்பி."

"நான் எங்க சொன்னேன்? கைப்பிடி பூராவும் எங்க வூட்டுக்காரரு இஷ்டம்னு தெருவெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். நீங்களே போயி உங்க வாயால சொல்லிட்டு வாங்க."

திங்கட்கிழமை காலை, நடராஜரைப் புதுத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் பட்டறைக்குப் போனார். தோற்றது தோற்றதுதான், ஆனாலும் சொல்கிற வாய் தன்னுடையது என்று வழியெல்லாம் சமாதானம் செய்துகொண்டார். சாமிக்கண்ணு முன்னால் நின்று, அலுவலகக் குரலை வரவழைத்துக்கொண்டு, நன்றாக யோசித்துப் பார்த்ததில் நேர் கம்பியே சரி என்று தாம் முடிவு செய்திருப்பதாகச் சொன்னார். செய்து முடிக்க எத்தனை நாளாகும் என்றும் கேட்டார்.

சாமிக்கண்ணு பின்பக்கம் கை காட்டினார். பதினேழு படிக்கும் நேர் கம்பிக் கைப்பிடி, பெயின்ட் அடித்து, காய்ந்து, சுவரில் சாய்ந்திருந்தது.

"மயில் படம் உங்களுக்கு அனுப்புன அன்னிக்கே அம்மா அளவு அனுப்பிட்டாங்க சார்."

"அப்ப இந்த நடராஜர்?"

"அது சிதம்பரத்துல ஒருத்தரு பூசையறைக் கதவுக்குச் சொன்னது. அம்மா ஒரு வாரத்துக்குக் கேட்டாங்க." சாமிக்கண்ணு துண்டைப் பிரித்து நடராஜரைப் பத்திரமாக வாங்கிக்கொண்டார். "சாரு ஒரு வாரமாவது தாக்குப்புடிப்பாருன்னு சொன்னாங்க. அஞ்சு நாளுதான் ஆவுது."