கோரம் இருக்கா?

ஒரு கூட்டத்தை ஒற்றைக் கேள்வியில் கலைக்கத் தெரிந்த மனிதர் வைகையின் இரு கரையிலும் சேர்த்து ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் விளாங்குடியில் எங்கள் அடுக்குமாடியின் இரண்டாவது தளத்தில் குடியிருந்தார். கேள்வி இதுதான்: "கோரம் இருக்கா?"

வீட்டு உரிமையாளர் சங்கக் கூட்டம் செல்லுபடியாக, பாதி வீடுகளிலிருந்தாவது ஆள் வந்திருக்க வேண்டும். அந்தத் தலைக்கணக்குக்குப் பெயர் கோரம். புருஷன், பெண்டாட்டி, மச்சினன் என்று மூன்று பேர் வந்து உட்கார்ந்தாலும் ஒரு வீடு, ஒரு தலை. வாடகைக்கு இருப்பவர் தலையே இல்லை. இதையெல்லாம் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். பதிலுக்கு நாங்கள் அவருக்குக் கோரம் என்றே பெயர் வைத்துவிட்டோம். ஆள் என்னவோ பார்க்க லட்சணமாகத்தான் இருப்பார்.

ஒருமுறை லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே சங்கச் செயலாளர், நான், கோரம், அவர் வாங்கிவந்த அரிசி மூட்டை. வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "இந்த லிஃப்ட் கம்பெனிய மொதல்ல மாத்தணும்" என்றார் செயலாளர். மூட்டைமேல் உட்கார்ந்திருந்த கோரம் நிமிர்ந்தார். "இங்க வச்சு முடிவெடுக்கக் கூடாது சார். கோரம் இல்ல."

மூன்றாம் தளத்துக் கருப்பையா அண்ணன் அலங்காநல்லூர்க்காரர். அவர் காளை ஜல்லிக்கட்டில் பிடிபடாமல் பாய்ந்து ஒரு பீரோவைப் பரிசாக வாங்கிவந்தது. வீட்டில் இடமில்லாததால் அதை நடைவழியில் நிறுத்தினார். கோரம் விதியைக் காட்டி, கூட்டம் கூட்டி, தீர்மானம் போட்டு அகற்றவைத்தார். அன்றிலிருந்து அண்ணன் கூட்டத்துக்கு வருவதில்லை. கோரத்தின் முகத்தில் விழிப்பதுமில்லை.

இந்த நிலையில்தான் முதல் தளத்து ஸ்டெல்லா டீச்சருக்கு இடுப்பெலும்பு முறிந்து, சக்கர நாற்காலி வந்தது. லிஃப்ட் இருக்கிறது, லிஃப்டுக்கு முன்னால் படிகளும் இருக்கின்றன. கோயிலுக்குப் போக நாங்கள் நாலு பேர் நாற்காலியோடு தூக்குவோம். "மாதா சப்பரம் மாதிரில்ல தூக்குறீங்க" என்று சிரிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கால் வழுக்கி நாற்காலி சாய்ந்தது. டீச்சர் சிரிக்கவில்லை. வீட்டை விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போவதாகச் சொன்னார்.

படியோரம் ஒரு சாய்தளம் கட்டினால் போதும். ஆனால் அந்த இடத்தில் ஜெனரேட்டர் வைக்க முன்பே தீர்மானம் ஆகியிருந்தது. மறுநாள் காலை அது வந்திறங்குகிறது. பின்பக்கம் வைக்கலாம் என்றால், அங்கே செயலாளரின் படுக்கையறை ஜன்னல்.

அன்றே அவசரக் கூட்டம் கார் நிறுத்துமிடத்தில் கூடியது. நாற்காலிகள் நிறைந்திருந்தன. எல்லாரும் டீச்சர் பக்கம் என்பது முகங்களிலேயே தெரிந்தது. செயலாளர் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சிரித்தார்.

"கோரம் சார், கோரம் இருக்கா?"

எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. கோரம் விரல் நீட்டி எண்ணினார். மறுபடியும் எண்ணினார். டீச்சரைப் பார்க்காமல் சொன்னார்: "ஒண்ணு குறையுது."

"யோவ், நீயெல்லாம் மனுசனா?" என்று பின்வரிசையில் யாரோ கத்தினார்கள். எனக்கும் அவர் சட்டையைப் பிடிக்கலாம் போலிருந்தது.

"அம்புட்டுத்தேன், கூட்டம் கலைஞ்சது" என்று செயலாளர் எழுந்தார்.

"உக்காருங்க சார். அரை மணி நேரம் காத்திருக்கணும்னு விதி இருக்கு. கையெழுத்துப் போட்டாச்சு, இனி நீங்க எந்திரிச்சுப் போனாலும் கணக்குல இருக்கீங்க." சொல்லிவிட்டு, லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியில் ஓடினார்.

முகூர்த்த நாள். பூட்டிய கதவுகளைத் தட்டும் சத்தம் ஒவ்வொரு தளமாக மேலே ஏறியது. கடைசியில் ஒரு கதவு திறந்தது. குரல் கீழே வரை கேட்டது.

"எம் பீரோவத் தூக்க வச்ச ஆளு, எதுக்குய்யா எங் கதவத் தட்டுற?"

"கீழ ஒரு தலை குறையுதுண்ணே. டீச்சருக்காக."

"அதுக்கு?"

"எதுத்து ஓட்டுப் போட்டாக்கூடச் சரிண்ணே. வந்து உக்காருங்க, போதும்."

செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சர் ஜெபமாலையை உருட்டினார். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"நேரம் முடியப் போகுது" என்று செயலாளர் வாயெடுத்தபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. லுங்கியும், பாதி மழித்த முகமும், மீதியில் சோப்பு நுரையுமாகக் கருப்பையா அண்ணன் வந்து பொத்தென்று உட்கார்ந்தார். பின்னாலேயே வந்த கோரம் சுவரைப் பிடித்துக்கொண்டு, "இப்ப... இருக்கு" என்றார்.

கைகள் உயர்ந்தன. அண்ணன் கை முதலில். "டீச்சருக்காகத்தேன். இந்த ஆளு மூஞ்சிக்காக இல்ல."

ஜெனரேட்டர் பின்பக்கம் போனது, படியோரம் சாய்தளம் வந்தது.

அன்று கூட்டம் முடிந்து, கடைசிப்படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த கோரத்துக்குத் தண்ணீர் கொடுத்தேன். "கோரம் இருக்குன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம்ல சார்?" என்று கேட்டேன்.

"சொன்னா செயலாளர் கேஸ் போட்டு, கட்டுனத இடிச்சிருவாரு. டீச்சர் நடுவழியில நிப்பாங்க."

கோரம் இப்போது மகனோடு இருக்கத் திருப்பூர் போய்விட்டார். போன வாரம் போனில் அழைத்தார். நலம் விசாரித்து முடித்ததும் இருவருக்கும் பேச ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.