ராபின்சன் வகையறா

டெக்சஸ் மாநிலத்திலேயே சொந்தபந்தம் அதிகம் உள்ள தமிழர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், ஹூஸ்டன் பக்கத்தில் இருக்கும் எங்கள் கேட்டி ஊர் பங்காளியை ஜெயிக்க ஆள் கிடையாது. எனக்கெல்லாம் இங்கே உறவு என்று சொல்லிக்கொள்ள என் வீட்டுக்காரரும், அவரோடு வந்த ஒரு பிரஷர் குக்கரும்தான். பங்காளிக்கோ டிவியில் மழை சொல்பவர் உறவு. ஃப்ரீவே ஓரத்துப் பெரிய பலகையில் கையைக் கட்டிக்கொண்டு முறைக்கும் விபத்து வக்கீல் உறவு. சர்ச் பாடல்களால் பேர் வாங்கிய ஒரு பாடகியம்மாள் உறவு. இத்தனைக்கும் அவருக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம் திட்டுவிளை.

எப்படி என்று கேட்பீர்கள். அவருடைய அப்பா பிறந்தபோது பிரசவம் பார்த்தவர் மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு வெள்ளைக்கார டாக்டர். அந்த நன்றிக்கு டாக்டரின் பெயரையே பிள்ளைக்கு வைத்துவிட்டார்கள். ராபின்சன். நம் வழக்கத்தில் அப்பா பெயர் என்பது பிள்ளைக்கு ஒற்றை எழுத்து இனிஷியல், அதோடு சரி. அமெரிக்காவுக்கு வரும்போதுதான் அந்த எழுத்து முழுசாக விரிந்து குடும்பப் பெயர் ஆகிவிடும். என் மாமனார் பெயர் கோதண்டபாணி. என் கணவரின் ஆபீஸில் அதைச் சொல்ல ஆரம்பித்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டு ‘ஹாய்’ என்று முடித்துக்கொள்வார்கள். பங்காளிக்கோ ராபின்சன். முதல் தடவை வந்து இறங்கியபோதே ஏர்போர்ட்டில் இருந்த அதிகாரி, “ராபின்சனா? எங்கம்மாகூட கல்யாணத்துக்கு முன்னால ராபின்சன்தான்” என்று சிரித்தாராம். வேறு யாராக இருந்தாலும் பதிலுக்குச் சிரித்துவிட்டுப் பெட்டியைத் தேடப் போயிருப்பார்கள். இவர் நின்று நிதானமாக, “அப்போ நீ எனக்கு மருமவனாக்கும்” என்று முறை சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார்.

அன்று பிடித்த பிடி. எந்த ராபின்சனைப் பார்த்தாலும் அவருக்குப் பங்காளி. அதனால் ஊரெல்லாம் அவரையே பங்காளி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவி மெர்சி அக்காவுக்காவது ஞாபகம் இருக்கிறதா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அவர் வீட்டு ஹாலில் ஒரு சுவர் முழுக்கப் போட்டோக்கள். குத்துச்சண்டை ராபின்சன், நீதிபதி ராபின்சன், பியானோ ராபின்சன், எதற்கோ பரிசு வாங்கிய விஞ்ஞானி ராபின்சன். எல்லாம் பத்திரிகையிலும் இன்டர்நெட்டிலும் எடுத்தது. ஒருவரும் இவரைப் பார்த்ததில்லை. போட்டோவுக்குப் போட்டோ நின்று அவர் விளக்கம் சொல்வார். “இவரு பெரியப்பா முறை. இந்தப் பையன் கொஞ்சம் முன்கோபி, ஆனா மனசு வெள்ள.” மழை சொல்லும் ராபின்சன் மழை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. வெளியே மண்டையைப் பிளக்கும் வெயிலானாலும் பங்காளி குடையோடுதான் வாக்கிங் போவார். நான் ஒரு நாள் தாங்கமுடியாமல் கேட்டுவிட்டேன்.

“அண்ணா, வானத்துல ஒரு பஞ்சு மேகம்கூட இல்லையே. எதுக்கு இந்தக் குடை?”

“பய அவ்வளவு பேரு முன்னால நின்னு சொல்லியிருக்கான், தங்கச்சி. நாமளே நம்பலன்னா அடுத்தவன் எப்பிடி நம்புவான்?”

ஓய்வு பெற்ற ஒரு ஃபுட்பால் ராபின்சன் இங்கே ஒரு கடைக்குக் கையெழுத்துப் போட வந்தார். ஆறரை அடி உயரம், கதவளவு அகலம். வரிசையில் எல்லோரும் பந்தும் பனியனுமாக நிற்க, பங்காளி ஒரு டப்பா முந்திரிக்கொத்தோடு நின்றார். தன் முறை வந்ததும் டிரைவிங் லைசென்ஸை எடுத்து நீட்டி, “வீ ஆர் ஃபேமிலி” என்றார். அந்த மனிதர் லைசென்ஸைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். ஒன்றை எடுத்துக் கடித்தார். கையெழுத்து வாங்க நின்றவர்களை நிறுத்திவிட்டு இன்னும் நாலைந்தைத் தின்றார். “பாத்தியா, கை நனைச்சுட்டான். இனி உறவு உறுதி” என்று பங்காளி வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

சந்தோஷத்துக்கு மட்டும் உறவு கொண்டாடுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த தெருவில் ஒரு கிழவர் ராபின்சன் இருந்தார். அவரும் பங்காளியும் பேசியதெல்லாம் குப்பைத் தொட்டியை எந்தக் கிழமை வெளியே வைப்பது என்பதைப் பற்றித்தான். அவர் காலமானதும் பங்காளி கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு ஃபியூனரல் ஹோமுக்குப் போய், நேராகக் குடும்பத்தார் வரிசையில் நின்றுவிட்டார். வந்தவர்கள் எல்லாம் இவர் கையையும் குலுக்கித் துக்கம் கேட்க, இவரும் “ஹீ வாஸ் எ குட் பிரதர்” என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கிழவரின் மனைவி கொஞ்ச நேரம் இவரையே உற்றுப் பார்த்தாளாம். பிறகு தன் பக்கத்தில் இருந்த நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாளாம்.

“ஏண்ணா, அவங்க என்ன நினைச்சிருப்பாங்க?” என்றேன்.

“பங்காளி சாவுக்குப் போவாண்டாமா? நல்லா கேக்க போ!” என்று என்னைத்தான் திட்டினார்.

இப்படி ஊரைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்த விஷயம் கடைசியில் அவர் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. அவருக்கு ஒரே மகள், ஷைனி. டல்லாஸ் பக்கம் காப்பெல்லில் வேலை பார்க்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மெர்சி அக்காவின் மீன்குழம்புக்கு நானும் என் கணவரும் போயிருந்தோம். ஷைனியும் வந்திருந்தாள். சாப்பாட்டு நடுவில் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“டாட், ஐ வாண்ட் டு மேரி சம்ஒன்.”

“யாரு மக்களே?”

“ஈதன். ஹீ வொர்க்ஸ் வித் மீ. ஹூஸ்டன் ஃபேமிலி. பிளாக் ஃபேமிலி, டாட்.”

என் கணவர் மீன் முள்ளை விழுங்கிவிடுவார் போல இருந்தது. பங்காளி சற்றும் அசரவில்லை. பையன் குடிப்பானா, சர்ச்சுக்குப் போவானா, அப்பா அம்மாவை மதிப்பானா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் நல்ல பதில் வந்தது. மெர்சி அக்கா எனக்கு இன்னொரு துண்டு மீன் போட்டார்.

“பேரு முழுசா என்ன?” என்றார் பங்காளி.

“ஈதன் ராபின்சன்.”

“நம்ம பயலா!” என்று குதித்து எழுந்தார். எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்தார்.

“இது நடக்காது பிள்ளே. அவன் உனக்கு அண்ணன் முறையாக்கும்.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. “டாட், அது தாத்தாவோட ஃபர்ஸ்ட் நேம்! ஹீ இஸ் நாட் மை கசின்!” என்று ஷைனி கத்தினாள். அவர் கை கழுவப் போய்விட்டார்.

மறுவாரமே இந்தியன் குரோசரிக் கடையில் பருப்பு அள்ளிக்கொண்டிருந்த பெண்மணிகள் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். நிறம்தானாம், பங்காளி முறை எல்லாம் சும்மா சாக்காம். அது அவர் காதுக்கு எட்டியது. அன்றைக்குத்தான் அவருக்குக் கோபம் வந்து பார்த்தேன். “நிறமா? என் கையயும் அந்தப் பய கையயும் பக்கத்துல வச்சா எது யாருதுன்னு இவளுக சொல்லட்டும் பாப்போம்! முறைன்னா முறைதான். இவ்வளவு காலம் பங்காளின்னு சொல்லிக் கை நனைச்ச வீட்டுல பொண்ணு குடுத்தா, நான் மனுசனா?”

மகள் அவருக்கு மேல். ஈதனைத்தான் கட்டுவேன், ஆனால் அப்பா கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போகாமல் சர்ச்சுக்குள் காலடி வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஓடிப்போகவும் மாட்டாள், விட்டுக்கொடுக்கவும் மாட்டாள். ஈஸ்டர் வந்தது, போனது. கோடையும் வந்துவிட்டது. வாராவாரம் வந்துகொண்டிருந்த பெண் வருவதை நிறுத்திவிட்டாள். மெர்சி அக்கா இரண்டு பிடிவாதங்களுக்கும் நடுவில் இளைத்துப்போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. சண்டை போட்டே தீருவது என்று கிளம்பிப் போனேன். பங்காளி வீட்டின் பின்புறம் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணா, உங்களுக்கே தெரியும். அவங்க யாரும் உங்களுக்குச் சொந்தம் இல்ல. ஒரு டாக்டர் பேரு, அவ்வளவுதான். இதுக்காகப் பொண்ணு வாழ்க்கையைக் கெடுப்பீங்களா?”

தண்ணீர் தொட்டியை நிரப்பி வழிந்து புல்லில் ஓடியது.

“எனக்குத் தெரியாதா தங்கச்சி?” என்றார். “அப்பா போனப்ப என் கிரீன் கார்டு பேப்பரெல்லாம் கவர்மென்ட்ல மாட்டிக்கிடந்துச்சு. வெளியே போனா திரும்ப வர முடியாதுன்னு வக்கீல் சொல்லிட்டான். போவல. அடக்கத்த போன்ல பாத்தேன். மறுநா ஆபீஸ் போறேன், ஒருத்தன் ‘ராபின்சன்’ங்கான். இன்னொருத்தன் ‘குட்மார்னிங் ராபின்சன்’ங்கான். எங்கப்பன் பேர. ஊருல செத்தவரு பேர யாரு இப்பிடி நாள் முழுக்கச் சொல்லுவா? அதுவரைக்கும் வெளையாட்டுக்குச் சொன்னதுதான். அன்னைக்கு முடிவு பண்ணுனேன், இந்தப் பேரு உள்ள ஒருத்தனையும் விடக்கூடாதுன்னு. இப்ப அவனுக உறவே இல்லன்னு என் வாயாலயே சொல்லணுமா?”

சண்டை போட வந்தவள் குழாயை மூடிவிட்டுத் திரும்பினேன்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் மெர்சி அக்கா போன் செய்தார். “அந்தப் பையன் வந்துட்டு இருக்கான். இவரு ஏதாவது சொல்லிருவாரு, நீ வந்து பக்கத்துல இரு.” ஓடினேன். ஈதன் காப்பெல்லிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு அந்த வெயிலில் கோட்டு, டை எல்லாம் போட்டு வந்திருந்தான். கையில், ஹூஸ்டனுக்குப் போய் வாங்கிவந்த, அவன் அம்மா செய்து கொடுத்த பீச் பழப் பலகாரம். ஷைனி ஒரு எட்டு தள்ளி நின்றாள். அவன் பங்காளிக்கு நேர் எதிரே உட்கார்ந்து, மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னான். அவன் இங்கிலீஷில் சொன்னதன் சாரம் இது: உங்கள் முறை எனக்கு முழுசாகப் புரியவில்லை, ஆனால் உங்களுக்கு அது பெரிது என்று புரிகிறது. அதனால் நான் ராபின்சன் என்ற பெயரை விட்டுவிடுகிறேன். அம்மா வீட்டுப் பெயரை வைத்துக்கொள்கிறேன். என் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன்.

“பேர விடுதானா?” என்றார் பங்காளி, எங்களைப் பார்த்து. மெர்சி அக்கா தலையாட்டினார்.

“யுவர் ஃபாதர்ஸ் நேம்?”

“யெஸ், சார்.”

“உங்கப்பா என்ன சொன்னாரு? வாட் ஹீ சே?”

ஈதன் டையைச் சரிசெய்துகொண்டான். “நத்திங், சார். ஹீ வென்ட் அவுட்சைட்.”

பங்காளி எழுந்துவிட்டார். சுவர்வரைக்கும் போனார், வந்தார், மறுபடி போனார். “நோ!” என்று போட்ட சத்தத்தில் பலகாரத் தட்டை நான் பிடித்துக்கொண்டேன். “நோபடி லீவிங் தட் நேம்! எங்கப்பன் பேராக்கும் அது! என்னால ஒருத்தன் அந்தப் பேர விட்டான்னு இருக்கக்கூடாது!”

“தென், டாட்?” என்றாள் ஷைனி.

அவர் சுவரில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஈதன் பக்கம் திரும்பி, அவன் தாத்தாவுக்கு எந்த ஊர் என்று கேட்டார். லூயிசியானா என்றான்.

“எங்கப்பாவுக்குத் திட்டுவிளை,” என்றார் பங்காளி. “லூயிசியானா எங்க கெடக்கு, திட்டுவிளை எங்க கெடக்கு. நமக்குள்ள ஒரு உறவும் கெடையாது கேட்டியா.” அதைச் சொல்ல அவர் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பிறகு ஈதனின் தோளில் கை வைத்து, “கீப் த நேம். டேக் மை டாட்டர்” என்றார். ஷைனி ஓடிவந்து அவர்மேல் விழுந்தாள்.

அவர் முகம் தொங்கிப்போய்விடுமோ என்று நான் பயந்தது வீண். ஒரு வாரம்கூட ஆகவில்லை, சுவரில் இருந்த அத்தனை ராபின்சன்களையும் அவர் சம்பந்தி வகையில் சேர்த்துவிட்டார்.

கல்யாணம் ஹூஸ்டனில், மாப்பிள்ளை வீட்டாரின் சர்ச்சில் நடந்தது. பாட்டும் கைதட்டலுமாகக் கூரை அதிர்ந்தது. பங்காளி பட்டு வேட்டியில் மகளை நடத்திக் கூட்டிவந்தார். இந்தப் பெண்ணைக் கொடுப்பது யார் என்று பாஸ்டர் கேட்பார், ‘ஐ டூ’ என்று சொல்லவேண்டும் என்று முதல் நாளே ஒத்திகை பார்த்திருந்தார்கள். பாஸ்டர் கேட்டார்.

“மை ஃபாதர்,” என்றார் பங்காளி.

பாஸ்டர் முன்வரிசையில் வயதான ஒருவரைத் தேடினார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பங்காளி மகளின் கையை விடாமல் அப்படியே நின்றார்.

“ஹீ இஸ் ஹியர், பாஸ்டர்,” என்றாள் ஷைனி. “ப்ளீஸ் கோ அஹெட்.”

நான் அழுத அழுகையில் என் கணவர் சங்கடப்பட்டு நெளிந்தார். பக்கத்தில் பெரிய தொப்பி வைத்து உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வீட்டு அம்மாள் கைக்குட்டையை நீட்டி, நீ பெண்ணுக்கு என்ன உறவு என்று கேட்டாள். அத்தை என்றேன். பொய் சொல்கிறோம் என்று ஒரு கணம்கூட எனக்குத் தோன்றவில்லை.