ஃபாய் என்றால் சரி

பாய்ம இயக்கவியலைக் கற்பித்துச் சோறு உண்ட ஒருவன், ஓடும் ஆற்றில் தான் எந்தப் பக்கம் போகிறோம் என்று அறியாமல் கால் மணி நேரம் துடுப்பு வலித்ததை யாரேனும் எழுதி வைக்கத்தான் வேண்டும். பிறர் எழுதினால் மிகைப்படுத்துவார்கள் என்பதால் நானே எழுதுகிறேன்.

அப்போது வியட்நாமின் தூ டுக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் எனக்குப் பணி. வெளிநாட்டவர் சிலர் சைகோன் ஆற்றோரம் நடத்திய படகுக் கழகத்தில் ஐம்பத்திரண்டாம் வயதில் சேர்ந்தேன். அவர்கள் தம் ஊர்ப் பருவங்களை விட்டுக்கொடுக்காதவர்கள். சட்டை முதுகோடு ஒட்டும் மார்ச் மாதத்தில் 'குளிர்காலப் பருவ நிறைவுப் போட்டி' என்று அறிவித்தார்கள். ஓர் ஆள், இரண்டு துடுப்பு, அகப்பை அகலத்தில் ஒரு படகு. (அகப்பை சற்று அகலம்.) போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும்.

என் ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் ஆறு கொண்டுபோனதில் என் மனைவி உமையாளுக்கு மனத்தாங்கல். அந்த ஊரில் அவளுக்குப் பேச்சுத்துணை நான் ஒருவன்தான். போட்டிக்கு முந்தைய நாள் நிபந்தனை விதித்தாள்.

"முழுசா முடிச்சிட்டீங்கன்னா ஞாயித்துக்கிழமை உங்களுது. முடிக்கலைன்னா எனக்கு. அப்புறம் படகுப் பேச்சே எடுக்கப்படாது."

தேவகோட்டைக்காரி. சொன்னால் சொன்னதுதான்.

நான்கு பேர் புறப்பட்டோம். பயிற்சியாளர் ஹூங் கரையோரம் மோட்டார் சைக்கிளில் உடன் வந்தபடி கத்தினார்: "தாய், ஃபாய்! ஃபாய்!"

(ஆசிரியரை அவர்கள் விளிக்கும் சொல் என் காதில் 'தாய்' என்றே விழும். பழகிவிட்டது.) 'ஃபாய்' என்றால் 'சரி' என்பது வகுப்பறையில் கற்றது. விடையைச் சுட்டிக்காட்டிச் சரியா என்று கேட்டால் மாணவர்கள் "ஃபாய்" என்பார்கள். ஆகவே ஹூங் பாராட்டுகிறார் என்று கொண்டு, அதே வழியில் இன்னும் விரைந்து வலித்தேன். அவர் குரல் உயர உயர என் தன்னம்பிக்கையும் உயர்ந்தது. தொண்டை கட்டுமளவுக்கு என்னை ஒருவர் பாராட்டியது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

ஆகாயத்தாமரைத் திட்டு ஒன்றில் படகு செருகி நின்ற பிறகே, அச்சொல்லுக்கு 'வலப்பக்கம்' என்றும் பொருள் இருக்கலாமோ என்று ஐயுற்றேன். அப்படியானால் யாருடைய வலம்? படகின் வலம் எனக்கு இடம். கரையில் நிற்பவருக்கு? படம் வரைந்தால் தெளிந்திருக்கும், கரும்பலகை இல்லை. இதற்குள் கடல் ஓதம் ஏறி ஆற்றின் நீரோட்டம் மாறி, தாமரையையும் என்னையும் புறப்பட்ட இடத்துக்கே இட்டுச் சென்றது.

அங்கே உமையாள் நின்றிருந்தாள். என் ஞாயிறு ஏறக்குறைய அவள் கைக்கு வந்துவிட்டது. வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். அவளோ சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீர் வரை இறங்கினாள்.

"சோத்துக்கைத் துடுப்பை இழுங்க. அந்தக் கை சும்மாவே கெடக்கு."

சோற்றுக்கையில் குழப்பத்துக்கு இடமில்லை. எப்படித் திரும்பி உட்கார்ந்தாலும் அது ஒன்றுதான். இழுத்தேன். படகு தாமரையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

நான் எல்லையைக் கடந்தபோது மிதவைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மற்ற மூவரும் உடைமாற்றி வீடு போயிருந்தார்கள். ஹூங்குக்குக் குரல் போய்விட்டதால் கையை மட்டும் அசைத்தார். இதை முடித்ததாகக் கொள்வதா என்று, கரையோரமாகவே நடந்து வந்து சேர்ந்திருந்த உமையாளிடம் நானே கேட்டேன்.

"முடிச்சீங்க, இல்லைங்கல. ஆனா பாதி நான் முடிச்சது. மத்தியானத்துக்கு மேல எனக்கு."

அன்று முதல் ஞாயிறுதோறும் பன்னிரண்டு மணிக்குப் படகு கரையேறியது. பிற்பகல்களில் சோலோன் சந்தைக்குப் போவோம். அவள் துணி பார்ப்பாள். வாங்க மாட்டாள், பார்ப்பாள். எங்கள் வீட்டில் ஞாயிறு பிற்பகலுக்கு, மகள் தாயை அழைக்கும் சொல்லால், 'ஆத்தா பாதி' என்றே பெயர் நிலைத்தது.

அவள் போய் இது இரண்டாம் ஆண்டு. சென்னையிலிருந்து மகள் ஞாயிறு மதியம் அழைப்பாள்.

"அப்பச்சி, இப்ப யாரு பாதி?" சிரித்துக்கொண்டேதான் கேட்பாள்.

"ஆத்தா பாதி."

"என்ன பண்றீங்க?"

"துணி பார்த்துக்கிட்டிருக்கேன்."