நாலாம் இலக்க வாசலில் அறுநூறு பயற்றம் பணியாரம்

கணினி விஷயத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நான் முழுமனதாக நம்பிய காலம் ஒன்று இருந்தது. அது பதினொரு வாரம் நீடித்தது. பன்னிரண்டாவது வாரத்துச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு முடிந்துபோனது. முடித்துவைத்தது வேறு யாருமல்ல, என் வலதுகைச் சுட்டுவிரல்தான்.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து மொன்றியலுக்கு வந்து, பத்து வருடம் ஒரு துணிக் கம்பனியில் பொத்தான் தைத்து, பிள்ளைகளை கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டுப் பிரெஞ்சு படித்து, பிறகு தரவுப் பகுப்பாய்வில் ஒரு சான்றிதழும் எடுத்து, நகரின் லாசால் பகுதியில் கதவுப் பிணைச்சலும் திருகாணியும் மொத்தமாக விற்கும் ஒரு கம்பனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். முதல் மூன்று மாதம் பரீட்சார்த்தம். அது முடிகிற வெள்ளிக்கிழமை என் மேலாளர் ஜினெத் ஒரு தாளில் கையெழுத்து வைத்தால் வேலை நிரந்தரம். வைக்காவிட்டால் மறுபடியும் பொத்தான்.

எங்கள் குடும்பத்தில் கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் நான். (அந்த அட்டையோடு மரக்கறிக் கடைக்கும் போயிருக்கிறேன். மறந்துபோய்ப் போனதாக அப்போது சொல்லிக்கொண்டேன்.)

எனக்குத் தந்த வேலை இதுதான். கம்பனியின் கோப்புகள் எல்லாம் கிளவுட் என்கிற இணையச் சேமிப்பில் கிடக்கும். நான் ஒரு மென்பொருளை அந்தச் சேமிப்போடு இணைக்க வேண்டும். அது தினமும் காலையில் தானாகவே போய், குறித்த ஃபோல்டரில் இருக்கும் பட்டியலைத் திறந்து, எந்தச் சாமான் எவ்வளவு தேவை, கையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, குறைந்தால் அதைத் தர வேண்டியவருக்கு மின்னஞ்சலில் ஒரு பிரெஞ்சுக் கடிதம் அனுப்பும். அதுவரை காலமும் ஜினெத் இந்தக் கடிதங்களை ஒவ்வொன்றாக இருந்து எழுதிக்கொண்டிருந்தார். வாசகமும் அவருடையதுதான். "உங்களிடமிருந்து இத்தனை அலகுகள் இன்னும் வந்து சேரவில்லை. நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்குள் எமது களஞ்சியத்தின் நாலாம் இலக்க வாசலில் ஒப்படைக்கவும். தவறினால் வேறு வழங்குநரைத் தேட நேரிடும்." கீழே லாசால் முகவரி. அன்பான ஒரு சொல் மருந்துக்கும் கிடையாது.

அதே மாதம்தான் என் தங்கை சுபாவுக்குக் கலியாணம் வைத்திருந்தது. இங்கே எங்கள் குடும்பத்தின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். சொந்தக்காரர் எல்லோருக்கும் சேர்த்து கிளவுட்டில் ஒரே ஒரு கணக்குத்தான். யாரோ ஒரு பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடிய சாமத்தியவீட்டுப் படங்களைப் போட்டுவைக்கத் திறந்தது, அப்படியே நிலைத்துவிட்டது. நகரின் ஒரு அந்தத்துப் பியர்ஃபோனிலிருந்து மறு அந்தத்துப் புரோசார்ட் வரை அதன் கடவுச்சொல் தெரியாத உறவு கிடையாது. ஒருவர் தனக்கென்று தனிக் கணக்குத் திறந்தால், "அப்பிடி ஒளிச்சு வைக்க என்ன கிடக்கு?" என்று கேட்பார்கள்.

கலியாணத்துக்கு யார் என்ன கொண்டுவருவது என்ற பட்டியலை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வேறு யாராவது என்றால் ஒரு கொப்பித் தாளில் எழுதியிருப்பார்கள். நான் சான்றிதழ் எடுத்தவள் அல்லவா? படித்த படிப்பைக் காட்ட வேண்டாமா? கம்பனியில் எப்படியோ அப்படியே செய்தேன். அதே பெயரில் ஃபோல்டர், அதே பெயரில் கோப்பு, அதே வரிசையில் நிரல்கள்: சாமான், தேவை, கையிருப்பு, பொறுப்பாளர், மின்னஞ்சல். "இதுதான் முறை" என்று அம்மாவுக்கு அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். அம்மா முழுதையும் கேட்டுவிட்டு, "சோறு போடட்டோ?" என்றார்.

செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கு என் செய்துகாட்டல். ஜினெத்தும் தலைமையகத்திலிருந்து இரண்டு பேரும் வருவதாக ஏற்பாடு. ஒன்பது இருபதுக்கு மென்பொருளைத் திறந்தால், சிவப்பில் ஒரு வரி: இணைப்புக் காலாவதியாகிவிட்டது, மீண்டும் இணைக்கவும். இந்த இணைப்புகள் சில வாரத்துக்கு ஒருமுறை இப்படித் துண்டித்துக்கொள்வது வழமைதான். அலட்டிக்கொள்ளாமல் அழுத்தினேன். எந்தக் கணக்கு என்று கேட்டது. இரண்டு பெயர்கள் இருந்தன. முந்தின நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், மணமக்களுக்கு ஆலாத்தி எடுக்கும் தட்டை யார் ஏற்றுக்கொண்டது என்று பார்க்க இதே கணினியில் குடும்பக் கணக்கைத் திறந்திருந்தேன். ஆகவே அது மேலே இருந்தது, கம்பனிக் கணக்கு கீழே. நான் மேலே இருந்ததை அழுத்தினேன். உங்கள் கோப்புகள் அனைத்தையும் பார்க்க அனுமதிக்கிறீர்களா என்று மரியாதையாகத்தான் கேட்டது. அனுமதித்தேன். சிவப்பு வரி பச்சையானது. எனக்கு என்னைத் தட்டிக்கொடுக்க வேண்டும்போல் இருந்தது.

மூவரும் வந்து அமர்ந்தார்கள். நான் பொத்தானை அழுத்திவிட்டு, பெரிய திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர்களைப் பார்த்துப் பேசினேன். குளியலறையில் ஒரு வாரம் ஒத்திகை பார்த்த பிரெஞ்சு அது. "பாருங்கள், மனிதக் கை படாமல், ஒவ்வொரு குறைபாட்டையும் துல்லியமாக எடுத்துக் காட்டுகிறது" என்றேன். கையை வேறு பின்னால் விரித்துக் காட்டினேன். மூவரும் திரையை உற்றுப் பார்த்தார்கள். அசந்துபோய்விட்டார்கள் என்று நினைத்தேன்.

தலைமையகத்து ஆள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "அந்த முதலாவது வரியில் இருப்பது என்ன சாமான்?"

திரும்பினேன். மாப்பிள்ளைத் தோழன்: தேவை 1, கையிருப்பு 0. நிலை: அவசரம்.

"அது... ஒரு ஆள்" என்றேன்.

அதற்குக் கீழே ஆலாத்தித் தட்டு மூன்று குறைவு. அதற்குக் கீழே பயற்றம் பணியாரம்: தேவை 600, கையிருப்பு 0. அதைச் செய்துதர ஏற்றிருந்த என் பெரியம்மாவின் பெயரும் மின்னஞ்சலும் பளிச்சென்று தெரிந்தன. கடைசியில் பச்சை எழுத்தில், பதினொரு கடிதங்கள் வெற்றிகரமாக அனுப்பப்பட்டன. வெற்றிகரமாக என்ற சொல்லை அன்றிலிருந்து எனக்குப் பிடிக்காது.

"இது சோதனைத் தரவு" என்று ஒரு பொய்யைத் தொடங்கினேன். அது முடிவதற்குள் மேசையில் கிடந்த என் தொலைபேசி அதிர்ந்தது. ஒரு தரம் நின்று மறுபடி அதிர்ந்தது. திரையில் இருந்த பெரியம்மாவின் பெயர் அதிலும் இருந்தது. எழுத்து விளங்காவிட்டாலும், இரண்டும் ஒரே வடிவம் என்று ஜினெத்துக்குத் தெரிந்துவிட்டது. மற்ற இருவரையும் கோப்பி குடிக்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். நான் முழுவதையும் சொன்னேன், தங்கையின் கலியாணம், ஒரே கணக்கு, மேலே இருந்த பெயர், எல்லாவற்றையும். அழவில்லை. மூக்கு மட்டும் ஓடியது.

"வியாழக்கிழமை எட்டரைக்கு மறுபடி செய்துகாட்டுங்கள்" என்றார் ஜினெத். "அதற்குப் பிறகு கையெழுத்தைப் பற்றி யோசிக்கிறேன்." அவர் முகத்தில் எதையும் வாசிக்க முடியவில்லை.

அன்று பத்துப் பேருக்குத் தொலைபேசி எடுத்து மன்னிப்புக் கேட்டேன். பெரியம்மா மட்டும் எடுக்கவேயில்லை. கோபித்துவிட்டார் என்று முடிவு செய்தேன். முப்பது வருடமாக எங்கள் குடும்பத்துக் கலியாணம் எதுவும் பெரியம்மா பயறு வறுத்து இடித்துச் சுடும் பயற்றம் பணியாரம் இல்லாமல் நடந்ததில்லை. அவருக்குப் போய், வேறு ஆளைத் தேடுவோம் என்று கம்பனிக் கடிதம்! மறுநாளும் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

வியாழன் காலை. எந்தக் கணக்கு என்று கேட்டபோது, எழுத்தெழுத்தாக, முதலாம் வகுப்புப் பிள்ளைபோல் விரல் வைத்து வாசித்துவிட்டு அழுத்தினேன். பிணைச்சல் வந்தது. திருகாணி வந்தது. கைபிடி வந்தது. கடிதங்கள் உரிய கம்பனிகளுக்குப் போயின. ஒரு தோழனும் இல்லை. ஜினெத் பேனாவைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து மேசைத் தொலைபேசி அடித்தது. களஞ்சிய வாசலுக்குப் பொறுப்பான கமால்.

"நாலாம் இலக்க வாசலுக்கு ஒரு வயதான தம்பதி வந்திருக்கிறார்கள்" என்றார். "எங்கள் கடிதத்தை வைத்திருக்கிறார்கள். யாராவது வந்து எண்ணிப் பார்க்கும்வரை போகமாட்டோம் என்று அந்த அம்மா சொல்கிறார்."

ஜினெத் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். இருவரும் கீழே வாசலுக்கு இறங்கினோம்.

இரண்டு பெரிய லொறிகளுக்கு நடுவே, பெரியப்பாவின் கார் பின்பக்கமாக வந்து, வாசலோடு சரியாக ஒட்டி நின்றுகொண்டிருந்தது. லொறிக்காரர் இரண்டு பேர் இறங்கி, அவர் காரை விட்ட அழகை வியந்துகொண்டிருந்தார்கள். பெரியப்பா கோட்டுப் போட்டு, கழுத்தில் ரையும் கட்டியிருந்தார். பெரியம்மா விசேஷங்களுக்கு மட்டும் உடுக்கும் தன் கூறைச்சேலைக்கு மேலே குளிருக்குப் போடும் பெரிய ஜாக்கெட்டோடு, அடுக்கிவைத்த பன்னிரண்டு பெட்டிகளுக்குக் காவலாக நின்றார். ஒவ்வொரு பெட்டியிலும் ஐம்பது என்று எழுதியிருந்தது.

"பெரியம்மா, ஏன் போன் எடுக்கேல்லை?" என்றேன்.

"எப்பிடி எடுக்கிறது? ரெண்டு நாளா கை முழுக்க மா" என்றார். "பேத்தி கடிதத்தை வாசிச்சுச் சொன்னவள். நாப்பத்தெட்டு மணித்தியாலமாம். உன்னட்டைக் கேப்பம் எண்டு எடுத்தன், நீ எடுக்கேல்லை. சரி, உந்த நாட்டிலை கலியாணச் சாப்பாட்டுக்கும் ஏதோ சட்டம் வந்திட்டுதாக்கும் எண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளையள் ரெண்டையும் கூப்பிட்டு இருத்திப் போட்டன். இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்குத்தானே?"

மணி எட்டே முக்கால். ஓம், ஒரு மணித்தியாலம் இருந்தது.

"அதிலை வேற ஆளைப் பாக்கிறம் எண்டு எழுதியிருக்காம்" என்றார் பெரியம்மா, ஜினெத்தை நேராகப் பார்த்துக்கொண்டு. "ஆர் அந்த ஆள் எண்டு ஒருக்காக் கேள்."

நான் மொழிபெயர்த்தேன். பதினொரு வாரம் நான் அந்தக் கட்டடத்தில் என் சாப்பாட்டுப் பெட்டியைக்கூடத் திறந்து வைத்துச் சாப்பிட்டவளில்லை, கறி மணக்கும் என்று. அந்த வாசலில் கூறைச்சேலையைக் கண்டதும் முதலில் எனக்கு எங்காவது ஒளிய வேண்டும்போல்தான் இருந்தது. ஆனால் பெரியம்மா நின்ற நிலையைப் பார்க்கப் பார்க்க, நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு சொல் பிரெஞ்சு தெரியாமல், யார் எழுதினார்கள் என்றும் தெரியாமல், கேட்ட நேரத்துக்கு முன்னால் கேட்டதை முழுதாகக் கொண்டுவந்து இறக்கிய மனுசி என் பெரியம்மா. எனக்குப் பெருமையாக இருந்தது. "இவர் என் பெரியம்மா" என்று, கேட்காதவர்களுக்கும் சேர்த்துச் சத்தமாகச் சொன்னேன்.

ஜினெத் பெட்டி ஒன்றைத் திறந்து ஒரு பணியாரத்தை எடுத்துக் கடித்தார். இரண்டாவதையும் எடுத்தார். (மூன்றாவதை எடுத்தபோது பெரியம்மா என் காதில், "எண்ணிக்கையிலை குறைஞ்சா நான் பொறுப்பில்லை" என்றார்.) பிறகு சாமான் வந்ததைக் குறிக்கும் கடதாசியைக் கமாலிடம் வாங்கி, ஐந்நூற்றுத் தொண்ணூற்றேழு என்று வெட்டித் திருத்தாமல், அறுநூறு அலகுகள் நல்ல நிலையில் கிடைத்தன என்று தானே எழுதிக் கையெழுத்து வைத்துப் பெரியம்மாவிடம் கொடுத்தார்.

"நான் எத்தனையோ வருடமாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்" என்றார் என்னிடம். "நேரத்துக்கு முன்னால் யாரும் வந்ததில்லை." மேலே போய் என் தாளிலும் கையெழுத்து வைத்தார்.

பணியாரம் அதே காரில் திரும்பிப் போய், ஒன்பது நாள் கழித்துக் கலியாண மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது. அந்தத் திறந்த பெட்டியைக் கமாலுக்குக் கொடுத்ததால் ஐம்பது குறைவு. கம்பனியும் வந்து வாழ்த்திவிட்டுப் போயிற்று, ஜினெத்தின் உருவத்தில்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நான் நினைத்திருக்க, புரோசார்ட் மாமா கலியாணவீட்டில் என்னோடு முகம்கொடுத்துக் கதைக்கவில்லை. அவர் ஏற்ற குத்துவிளக்கு இரண்டையும் முதல் வாரமே தந்துவிட்டார். அவர் பெயருக்கு நேரே குறை இல்லை, ஆகவே கடிதமும் போகவில்லை. "எல்லாருக்கும் கம்பனியிலை இருந்து கடிதம் வந்திருக்கு. என்னை மட்டும் ஒருத்தரும் ஒரு ஆளா எண்ணேல்லை" என்று அத்தையிடம் சொன்னாராம். நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, வீட்டிலிருந்து அதே கம்பனி வாசகத்தில் ஒரு கடிதம் அனுப்பிய பிறகுதான் சமாதானமானார்.

அதோடு அது வழக்கமாகிவிட்டது. இப்போது எங்கள் குடும்பத்தில் பிறந்தநாளோ, புதுவீடு குடிபூரலோ, எதுவென்றாலும் அந்த மென்பொருளைக் குடும்பக் கணக்கோடு நானே, தெரிந்து, வேண்டுமென்றே இணைக்கிறேன். ஜினெத்தின் அனுமதியோடு அவருடைய அதே வாசகம்தான் போகிறது. ஒருமுறை "தயவுசெய்து" என்று ஒரு சொல் சேர்த்துப் பார்த்தேன். கடிதத்தில் பழைய மரியாதை இல்லை என்று நாலு பேர் குறை சொன்னார்கள்.

போன மாதம் சுபாவின் மகளுக்குப் பிறந்தநாள் வந்தது. வேலை நேரத்தில் பெரியம்மாவின் அழைப்பு. இந்த முறை உடனே எடுத்தேன்.

"பிள்ளை, எல்லாருக்கும் வந்திட்டுதாம். எனக்கு இன்னும் வரேல்லை" என்றார். "ஏன், வேற ஆளைப் பாத்திட்டியளோ?"

"ஐயோ இல்லைப் பெரியம்மா, இப்ப அனுப்புறன்."

"அனுப்பு. அது வராமல் நான் பயறு வறுக்கமாட்டன்."