பதினாறு நிறத்துக்குள் அகப்பட்ட முகம்

தண்ணீரூற்று,
2003 ஆவணி 14.

அன்புள்ள மச்சான் அர்ஷாக் அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் இங்கு நல்ல சுகம். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை, உண்மையாகவே சுகம். இந்த வரியை உங்கள் ராத்தாவும் என் பெண்சாதியுமான சபூறாவுக்கு இரண்டு தரம் உரத்து வாசித்துக் காட்டவும். எனக்குக் காமாலை இல்லை. ஈரல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. புத்தளத்தில் எனக்காக ஓதிய யாசீனின் நன்மை உண்மையான நோயாளி யாருக்காவது போய்ச் சேரட்டும்.

நடந்தது இதுதான் மச்சான். காணியைத் துப்புரவாக்க நான் பங்குனியில் தனியே வந்தது உங்களுக்குத் தெரியும். நாங்கள் ஊரைவிட்டுப் போன பிறகு முளைத்த பதின்மூன்று வருடக் காட்டை வெட்டி, கிணற்றை இறைத்து, கிடுகுக் கொட்டில் போட்டு, உங்கள் ராத்தாவுக்குப் பிடித்த நீலத்தில் கதவுக்குப் பெயின்றும் அடித்து, வாருங்கள் வாருங்கள் என்று ஏழு கடிதம் போட்டேன். கண்ணால் காணாமல் மகள் நஸீஹாவைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் வரமாட்டேன் என்று அவா பிடிவாதமாக நின்றா. அந்த நேரம் பார்த்து, திரும்பி வந்தவர்களின் வீடு பதிய வந்த ஒரு தொண்டு நிறுவனத்துப் பிள்ளையிடம் பிலிம் தேவைப்படாத கமரா இருந்தது. பெருநாள் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றேன். பின்னால் வாழை, அதற்குப் பின்னால் காடு. அந்தப் பிள்ளை படத்தை ஒரு பிளொப்பியில் ஏற்றித் தந்தது. அதைப் பொலித்தீன் பையில் சுற்றி, நெஞ்சோடு வைத்துக்கொண்டு வவுனியாவுக்கு பஸ் ஏறினேன். ஓமந்தைச் சாவடியில் சோதனை செய்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். நான்தான் என்று சொன்னேன்.

வவுனியாவில் கொமினிகேஷன் கடையில் வேலை செய்கிற சுமித்திரா என்ற பிள்ளை, படம் பெரிது, ரெலிபோன் லைன் இழுக்காது, குறைத்துத்தான் அனுப்பவேண்டும் என்றது. தையற்காரன் நீளக்காற்சட்டையைக் கட்டையாக்குவது போல ஏதோ என்று நினைத்து, ஓம் என்றேன். அப்படித்தான் அது ஈமெயிலில் புத்தளத்தில் உங்கள் கடைக் கொம்பியூட்டருக்கு வந்து சேர்ந்தது.

பதில் பார்க்க அடுத்த கிழமை போனேன். ஆங்கில எழுத்தில் நீங்கள் அடித்திருந்த தமிழைச் சுமித்திரா எழுத்துக்கூட்டி வாசித்தது: உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவும், ராத்தா படத்தைப் பார்த்த இடத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டா. வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்த பிள்ளை, தன் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தது. அங்கிருந்தே புத்தளத்துக்கு போன் எடுத்தேன். சபூறா ஸலாம்கூடச் சொல்லவில்லை.

"உண்மையைச் சொல்லுங்கோ. எத்தின நாளா இப்பிடி?"

எப்படி என்று கேட்டேன்.

"மஞ்சள். பச்சைக்குக் கிட்டப் போன மஞ்சள். வாய்ச் சொண்டு சாம்பல். வாப்பாவில பாசி பிடிச்சிருக்கெண்டு நஸீஹா அழுகிறாள். அந்த மண் ஆக்களை இப்பிடி ஆக்குமெண்டா எங்களுக்கு அது வேண்டாம்."

போனை வைத்துவிட்டா. அனுப்பிய படத்தைக் காட்டும்படி சுமித்திராவிடம் கேட்டேன். மச்சான், குளிப்பாட்டி வைத்த என் மையித்தை நானே பார்த்தது போல இருந்தது. பழுக்கப்போட்டு மறந்துபோன பப்பாசி மாதிரி ஒரு முகம். வெள்ளைச் சட்டை வாழைக்குருத்து நிறம். நீலக் கதவு அடுப்புச் சாம்பல். வாழை இலைகள் மட்டும் நரம்பு நரம்பாக, ஒரு குறையும் இல்லாமல் நின்றன.

சுமித்திராவும் திகைத்துத்தான் போனது. பிறகு மெல்லச் சொன்னது:

"ஐயா, படத்தில லட்சக்கணக்கில நிறம் இருக்கும். நான் அதைப் பதினாறாக் குறைச்சுப்போட்டன். எந்தப் பதினாறு எண்டு கொம்பியூட்டர்தான் எடுக்கும். ஆர் கனக்க இடம் பிடிச்சு நிக்கினமோ, அவைக்குத்தான் குடுக்கும்."

பதினாறில் பன்னிரண்டைக் காடும் வாழையும் கொண்டுபோய்விட்டன. நகமளவு இருந்த என் முகத்துக்குச் சொந்த நிறம் ஒன்றும் மிஞ்சாததால், கொம்பியூட்டர் அதைக் கிட்ட இருந்த நிறத்தில் கொண்டுபோய் இருத்திவிட்டது. பதின்மூன்று வருடம் அகதியாக இருந்தவனுக்கு இது புதிதில்லைத்தான். ஆனாலும் சொந்தக் காணியில், சொந்தக் கதவடியில் நிற்கும்போதே என் முகத்தை இடம்பெயர்த்துவிடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

அந்தப் பிள்ளை பின்னேரம் முழுக்க மினக்கெட்டது. பதினாறை விட்டு இருநூற்றைம்பத்தாறு நிறத்துக்குப் போனது. முதலில் என் முகத்திலும் சட்டையிலும் கதவிலும் புள்ளி புள்ளியாகத் தொட்டு, இந்த நிறங்களை மாற்றக்கூடாது என்று பூட்டிவிட்டு, மிச்சத்தைத்தான் காட்டுக்கு விட்டது. ஒத்துப் பார்க்க என்னைத் திரைக்குப் பக்கத்தில் இருத்தியது. போன் எடுக்க வந்த இரண்டு பொம்பிளைகளும் கூடிவந்து, இந்த ஆள் இதைவிடக் கறுப்பு என்று தீர்ப்புச் சொன்னார்கள். கொஞ்சம் வெளிறினாலும் பரவாயில்லை பிள்ளை என்று சொல்லிப் பார்த்தேன். "உள்ள நிறம் உள்ளபடிதான் போகவேணும் ஐயா" என்று அது விடவில்லை.

இத்தனை நிறத்தை லைன் இழுக்காதாம், அதனால் அந்தப் படத்தை இத்துடன் பிளொப்பியில் அனுப்புகிறேன். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து, பொறுமையாகச் சபூறாவுக்கு விளங்கப்படுத்துங்கோ. மண்ணில் பிழையில்லை, தண்ணீர் இனிப்பு, பள்ளிக்கூடமும் தொடங்கிவிட்டது, மாரிக்கு முன் வந்தால் நல்லது என்று சொல்லுங்கோ. நான் சொன்னால் நம்பமாட்டா. பழைய படத்தை அதன் பிறகு அழித்துவிடவும்.

மாமிக்கு என் ஸலாம். அல்லாஹ் உங்கள் கடைக்குப் பரக்கத்தையும் எங்கள் எல்லாருக்கும் அவரவர் நிறத்தையும் தந்தருள்வானாக. வஸ்ஸலாம்.

உள்ள நிறத்துடன்,
முத்தலிப்

பி.கு.: கடித உறைக்குப் பசை தேடிக்கொண்டிருக்க, வாசலில் ஓட்டோ வந்து நின்றது. சபூறாவும் நஸீஹாவும். இரண்டு சூட்கேஸ், குசினிச் சாமான் ஒரு மூட்டை, கீழாநெல்லி ஒரு கட்டு. மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார்கள். சபூறா என் முகத்தை நாடியில் பிடித்து வெயிலுக்குத் திருப்பி, கண்மடலை இழுத்துப் பார்த்து, கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, "கொஞ்சம் மாறியிருக்கு. ஆனா இன்னும் கிடக்கு" என்று சொன்னா. ஓம், இன்னும் கிடக்குத்தான் என்று நானும் தலையாட்டினேன். ஆகவே மேலே கேட்டது ஒன்றும் செய்யவேண்டாம். சரியான படத்தை யாருக்கும் காட்டவேண்டாம். பழையதை அழிக்கவேண்டாம், இங்கே வந்துவிட்ட என் தம்பியின் பெண்சாதியும் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறாவாம், தம்பிக்கும் இதே நிறம்தான் என்று சொல்லி அவாவுக்கு அதை அனுப்பிவையுங்கோ. கீழாநெல்லிச் சாறு நாற்பது நாள் குடிக்கவேண்டுமாம். நான் எண்பது நாளுக்கும் ஆயத்தம்.